சிறுத்தையின் குழியில் ஒரு கறுப்புக்கல்

முள்மலைக் காட்டில் பொன்வரையன் என்றொரு சிறுத்தை இருந்தான். தன் உடம்பிலிருந்த புள்ளிகள் மேல் அவனுக்கு அப்படி ஒரு கர்வம்! காலையில் எழுந்ததும் மற்ற மிருகங்கள் இரை தேடப் போகும். இவன் சுனைக்குப் போவான். தண்ணீரில் இடப்பக்கம் பார்ப்பான். வலப்பக்கம் பார்ப்பான். "ஆகா! நேற்றைவிட இன்று இரண்டு கூடியிருக்கிறதே!" என்பான்.

அந்த இரண்டும் உண்ணிகள். ஆனால் அதை அவனிடம் யார் சொல்வது?

வால் மட்டும் பாதிதான். மீதியை இளவயதில் வேட்டைக்காரனின் கம்பிக் கண்ணியில் விட்டுவிட்டு வந்திருந்தான். அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது.

அவனுக்கு ஒரு நரி சிநேகிதன். பெயர் ஒத்தூதி. பொன்வரையன் "இன்று வெயில்" என்றால், "சுடுகிறது அண்ணா!" என்பான். "இல்லை, குளிர்" என்றால் அந்த நொடியே அவனுக்குப் பல் கிட்டிவிடும். இந்தச் சேவைக்குக் கூலி, சிறுத்தை அடிக்கும் மானில் பாதி.

"அண்ணா, உங்கள் வம்சத்தில் ஏழு தலைமுறையும் புள்ளிதானாமே!"

"ஏழா? எழுபது! என் அப்பா எப்பேர்ப்பட்டவர் தெரியுமா? அவர் நடந்து வந்தால் இராத்திரியில் யார் கண்ணுக்கும் தெரியாதாம். அம்மா சொல்வாள். அவ்வளவு பெரிய வேட்டைக்காரர்!"

அப்பாவை அவன் பார்த்ததே இல்லை. சிறுத்தை வீட்டு அப்பாக்களில் பாதிப் பேர் அப்படித்தான். குட்டி கண் திறக்கும் முன்பே மலை மாறிவிடுவார்கள்.

இப்படியிருக்க, பொன்வரையனுக்குக் கல்யாணம் ஆனது. பெண் மேற்கே மழைக்காட்டிலிருந்து வந்தவள். பெயர் மணிச்செவி. நல்ல புள்ளி. அதைவிட நல்ல வாய். அவள் வந்த பிறகு மான் மிஞ்சவில்லை. ஒத்தூதிக்கு முதலில் தொடைக்கறி நின்றது. அடுத்து எலும்பு நின்றது. கடைசியில் வாசனை மட்டும் கிடைத்தது. வயிறு காய்ந்தால் நரிக்கு மூளை வேலை செய்யும். ஒத்தூதிக்கும் வேலை செய்யத் தொடங்கியது.

மழைக்காலம் முடியும்போது மணிச்செவி மூன்று குட்டிகள் ஈன்றாள். முதல் குட்டிக்குப் புள்ளி. இரண்டாவதற்கும் புள்ளி. மூன்றாவது, விறகடுப்பில் வைத்த சட்டியின் அடிப்பாகம் மாதிரி கறுகறுவென்று இருந்தது.

"குகைக்குள் இருட்டு. அதனால் அப்படித் தெரிகிறது" என்று பொன்வரையன் அதை வாசல் நிழலுக்குக் கவ்விக்கொண்டு வந்தான். அங்கேயும் கறுப்பு. "கரி ஒட்டியிருக்கும்" என்று நக்கினான். நக்கி நக்கி நாக்கு மரத்துப்போனது. குட்டி பளபளவென்று இன்னும் கறுப்பானது.

மணிச்செவி படுத்தபடியே கேட்டாள். "நக்கி முடித்தாயிற்றா? அது அழுக்கு இல்லை. உங்கள் பிள்ளை!"

"கறுப்பாக இருக்கிறதே!"

"எனக்கும் கண் இருக்கிறது. எங்கள் மழைக்காட்டில் இது சகஜம். என் சொந்த அக்காவே கறுப்பு. மசி என்று பெயர் வைத்தாயிற்று. தள்ளுங்கள், பால் கொடுக்க வேண்டும்."

பொன்வரையன் தள்ளி நின்றான். ஆனால் மனம் தள்ளி நிற்கவில்லை. அன்றிலிருந்து அவன் சுனைக்குப் போவதே நின்றுவிட்டது. போனால் தண்ணீரில் தன் முகத்துக்குப் பக்கத்தில் அந்தக் கறுப்பு முகமும் தெரிவதுபோல் இருந்தது.

ஒத்தூதி குழந்தை பார்க்க வந்தான். பார்த்தான். கண் பிரகாசித்தது. உடனே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"அண்ணா, அண்ணி வயிற்றுப்பிள்ளைக்காரியாக இருந்தபோது நாவல் பழம் ஏதாவது தின்றார்களா?"

"சிறுத்தை எங்கேயடா நாவல் பழம் தின்னும்?"

"கிரகணம் பார்த்தார்களா?"

"இந்த வருஷம் கிரகணமே வரவில்லையே!"

"அப்படியானால்…" ஒத்தூதி முன்னங்காலால் வாயைப் பொத்திக்கொண்டான். "வேண்டாம் அண்ணா. என் வாயால் சொல்ல மாட்டேன்."

"சொல்லடா!"

"மேட்டுப் புற்றுக்கு வரும் கரடி தேன்வாயன் இருக்கிறானே, அவன் உங்கள் குகை வழியாகத்தான் தினமும் போகிறான். அவன் என்ன நிறம் என்று நான் சொல்லவில்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள்!"

பொன்வரையன் யோசிக்கவில்லை. யோசிக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. நேரே மேட்டுக்கு ஓடினான்.

தேன்வாயன் புற்றுக்குள் மூக்கை நுழைத்துக் கறையானை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"வெளியே வா, திருட்டுப் பயலே!"

மூக்கு நிறைய மண்ணோடு கரடியின் தலை வெளியே வந்தது. "எதைத் திருடினேன்? கறையானையா? உனக்கும் வேண்டுமானால் தின்னேன். நிறைய இருக்கிறது."

"என் வீட்டில் கறுப்பாக ஒரு குட்டி பிறந்திருக்கிறது!"

"சந்தோஷம்."

"நீயும் கறுப்பு!"

கரடிக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் இரண்டு காலில் எழுந்து நின்றான்.

"அட மடப்பயலே! கறுப்பாக இருப்பதெல்லாம் என் பிள்ளையா? காக்கை? குயில்? சாயங்காலம் நீளுமே உன் நிழல், அதையும் நான்தான் பெற்றேனா? புளியமரத்தில் பலா காய்க்குமா? கரடி வித்து சிறுத்தை வயிற்றில் தங்குமா? என் நகத்தைப் பார். எப்போதும் வெளியேதான் நீட்டிக்கொண்டிருக்கும். உன் குட்டியின் நகம் உறைக்குள் போய் வருகிறதா இல்லையா என்று முதலில் போய்ப் பார். கறுப்பைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் என்னிடம் வராதே. உன் அப்பனைக் கேள்!"

"என் அப்பாவையா இழுக்கிறாய்!" என்று பொன்வரையன் பாய்ந்தான். தேன்வாயன் ஒரே அறைதான் விட்டான். சிறுத்தை மேட்டிலிருந்து உருண்டு, கள்ளிப்புதரில் போய் உட்கார்ந்தான்.

அங்கே ஒத்தூதி தயாராகக் காத்திருந்தான். முள்ளைப் பிடுங்கிக்கொண்டே, "கரடி இல்லையாம்" என்றான் பொன்வரையன்.

"இல்லைதான் அண்ணா! நான் எப்போது கரடி என்று சொன்னேன்? மேற்கே மழைக்காட்டில் கறுஞ்சிறுத்தைகள் மலிந்து கிடக்கின்றனவாம். அண்ணியின் பிறந்த ஊர் அதுதானே? யாராவது பழைய சிநேகிதம்…" என்று இழுத்தான் நரி.

பொன்வரையனுக்கு நெஞ்சுக்குள் இன்னொரு முள் ஏறியது. இந்த முள்ளைப் பிடுங்க யாரும் இல்லை. இருபது நாள் சரியாகத் தின்னவில்லை. மணிச்செவியின் முகத்தைப் பார்க்கவில்லை. மசி தத்தித் தத்தி அவன் பாதி வாலைப் பிடிக்க வந்தால், எழுந்து போய்விடுவான். கேட்டுவிடலாமா என்று சில நேரம் வாய் வரை வரும். அவள் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கும்.

"அண்ணியிடம் பேசினால் அண்ணியின் வாய்தான் ஜெயிக்கும்" என்றான் ஒத்தூதி. "அவர்கள் வேட்டைக்குப் போயிருக்கும்போது அந்தக் கறுப்பை மட்டும் ஓடைப் பாறையில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்."

"என்ன பார்த்துக்கொள்வாய்?"

"நல்ல இடத்தில் சேர்த்துவிடுவேன் அண்ணா!"

நல்ல இடம் என்றால் அவன் வயிறு.

மறுநாள் உச்சிவெயிலில் பொன்வரையன் மசியைப் பிடரியில் கவ்விக்கொண்டு கிளம்பினான். எந்தக் குட்டியும் செய்வதுபோல் அதுவும் காலை மடக்கிக்கொண்டு பேசாமல் தொங்கியது. அப்பா எங்கோ விளையாடக் கூட்டிப்போகிறார் என்று நினைத்ததோ என்னவோ! அவனுக்கு அந்த இருநூறு அடியும் இரண்டு மலை தூரமாக இருந்தது.

பாறை மேல் குட்டியை வைத்தான். மேகம் விலகி வெயில் சுள்ளென்று விழுந்தது.

திரும்பப் போனவன் நின்றான்.

வெயில் நேராக விழுந்த இடத்தில், குட்டியின் கறுப்புக்குள் என்னவோ தெரிந்தது. குனிந்தான். கறுப்புக்குள் இன்னும் அழுத்தமான கறுப்பு. வட்டம் வட்டமாக. விலாவில், தோளில், தொடையில். புள்ளிகள்! எழுத்தின் மேல் மையைக் கொட்டினால் எழுத்து மங்கித் தெரியுமே, அப்படி.

பொன்வரையனுக்கு உலகத்தில் வேறு எதுவும் தெரியாவிட்டாலும் புள்ளி தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவனையறியாமல் எண்ணத் தொடங்கினான்.

"என்ன அண்ணா தாமதம்?" என்று ஒத்தூதி எச்சில் ஒழுக மூக்கை நீட்டினான். மசி சீறியது. கையை ஓங்கி நரியின் மூக்கிலேயே ஒன்று வைத்தது. குட்டி நகம் 'சடக்'கென்று வெளியே வந்தது, கீறியது, உள்ளே போனது.

"ஐயோ!" என்றான் ஒத்தூதி.

"உறைக்குள் போய் வருகிறது…" என்றான் பொன்வரையன் மெதுவாக.

"எது போய் வருகிறது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

மணிச்செவி நின்றுகொண்டிருந்தாள். வாயிலிருந்த மயிலைக் கீழே போட்டாள். அவளுக்குப் பின்னால் மூச்சிரைக்கத் தேன்வாயன். அவன் நியாயம் கேட்க வந்திருந்தான். கரடியைப் பற்றி நரி கட்டிவிட்ட கதை காடெல்லாம் பரவி, அவன் வீட்டுக்காரி காதுக்கும் போய்விட்டதாம். மூன்று நாளாகப் புற்றுப் பக்கமே விடவில்லையாம்.

மணிச்செவி மசியைக் கவ்வித் தன் முன்னங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

"பிள்ளையை எதற்கு இங்கே கொண்டு வந்தீர்கள்?"

ஒத்தூதி முந்திக்கொண்டான். "அண்ணி, இந்தக் குட்டி அண்ணனைப் போல இல்லையே! நிறத்தை விடுங்கள். வாலைப் பாருங்கள்! அண்ணனுக்குப் பாதி வால். இதற்கு முழு வால்!"

"மற்ற இரண்டுக்கும் முழு வால்தான். அவையும் இவர் பிள்ளை இல்லையா?"

நரி தன் வாலையே ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"இவர் வாலை அறுத்தது கம்பி" என்றாள் மணிச்செவி. "கம்பி வாலைத்தான் அறுக்கும். உள்ளே இருப்பதைத் தொடாது. பிள்ளைக்குப் போவது உள்ளே இருப்பது. நாளைக்கு உன் காதை நான் கடித்துத் துப்பினால், உன் பிள்ளைகள் காதில்லாமலா பிறக்கும்? வேண்டுமானால் செய்து பார்க்கலாம்."

ஒத்தூதி காதை மடக்கிக்கொண்டான்.

மணிச்செவி ஓடை மணலில் இரண்டு குழி பறித்தாள். ஒரே அளவில் கூழாங்கற்கள் பொறுக்கினாள். சில புள்ளிக்கல். சில கறுப்புக்கல்.

"இந்தக் குழி நான். அந்தக் குழி இவர். எங்கள் ஜாதியில் ஒவ்வொருவருக்குள்ளும் நிறத்துக்கு இரண்டு கல் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அம்மா கொடுத்தது. ஒன்று அப்பா கொடுத்தது. பிள்ளை பெறும்போது இரண்டில் ஒன்றைத்தான் கொடுக்க முடியும். எது போகும் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. கண்ணை மூடி எடுப்பதுபோல்தான்."

"இரண்டு கல்லும் வேறு வேறாக வந்தால்? பாதிப் பக்கம் புள்ளி, பாதிப் பக்கம் கறுப்பா?" என்றான் தேன்வாயன்.

"இல்லை. புள்ளிக்கல் ஒன்று இருந்தாலே குட்டிக்குப் புள்ளிதான். கறுப்புக்கல் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் வாய் திறக்காது. இரண்டும் கறுப்பாக வந்தால்தான் குட்டி கறுப்பு. எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வருகிறோம்."

தன் குழியில் ஒரு புள்ளிக்கல்லும் ஒரு கறுப்புக்கல்லும் போட்டாள். "என்னிடம் ஒரு கறுப்பு இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்."

"ஒப்புக்கொண்டாள்! ஒப்புக்கொண்டாள்!" என்று குதித்தான் ஒத்தூதி.

"உட்காரடா. உங்கள் அண்ணன் சொல்கிறபடி அவர் குழியில் இரண்டும் புள்ளி. கண்ணை மூடிக்கொண்டு அதிலிருந்து நீ எடு. என் குழியிலிருந்து கரடி அண்ணன் எடுக்கட்டும். எடுத்ததைப் பார்த்துவிட்டு அதே குழியில் திரும்பப் போட்டுவிட வேண்டும்."

எடுத்தார்கள். புள்ளியும் புள்ளியும். கறுப்பும் புள்ளியும். மறுபடி கறுப்பும் புள்ளியும். இருபது முறை எடுத்தார்கள். இரண்டு கறுப்பு ஒரு முறைகூட வரவில்லை.

"வராது" என்றாள் மணிச்செவி. "நான் ஒருத்தி மட்டும் நினைத்தால் கறுப்புக் குட்டி பெற முடியாது."

இப்போது கணவன் குழியிலிருந்து ஒரு புள்ளிக்கல்லை எடுத்துவிட்டு, அங்கே ஒரு கறுப்பைப் போட்டாள். மறுபடியும் எடுத்தார்கள். ஆறாவது முறை கரடியின் கையிலும் கறுப்பு, நரியின் கையிலும் கறுப்பு! நரி கை சுட்டதுபோல் கல்லைக் கீழே போட்டான். நாற்பது முறை எடுத்ததில் பதினொரு முறை இரண்டும் கறுப்பு. மீதியெல்லாம் புள்ளி.

"சுமாராக நாலில் ஒன்று" என்றாள் அவள். "மசி கறுப்பு என்றால் அதற்கு ஒரு கல் என்னிடமிருந்து. இன்னொன்று அதன் அப்பாவிடமிருந்து."

"அதைத்தான் நானும் சொல்கிறேன்!" ஒத்தூதி விடவில்லை. "அந்த அப்பா வேறு எவனோ! அண்ணன் குழியில் கறுப்பு இருக்கிறது என்று யார் சொன்னது? எழுபது தலைமுறைப் புள்ளி! அண்ணா, உங்கள் வம்சத்தையே கேவலப்படுத்துகிறார்கள்!"

மணிச்செவி கணவனின் குழியைப் பார்த்தாள். "அது எனக்குத் தெரியாது" என்றாள். "உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றான் தேன்வாயன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"பொன்வரையா, உன் அப்பனைக் கேள் என்று அன்றைக்கே சொன்னேன். நீ அதை வசவு என்று நினைத்துக்கொண்டாய். உன் அப்பன் வேங்கைச்சரிவில் இருந்தவன்தானே? நெற்றியில் காட்டுப்பன்றி குத்திய வடு?"

"ஆமாம், அம்மா சொல்லியிருக்கிறாள்…"

"ஒரு அமாவாசை இராத்திரி. அவன் கீழிருந்து வந்தான். நான் மேலிருந்து வந்தேன். ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. மண்டையோடு மண்டை மோதிக்கொண்டோம்! 'கண் தெரியவில்லையா?' என்று அவன் கேட்டான். 'நீ தெரிந்தால்தானே!' என்று நான் சொன்னேன். விடிந்த பிறகு பார்த்தால், உன் அப்பன் அட்டைக் கறுப்பு! என்னைவிடக் கறுப்பு!"

பொன்வரையன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

'இராத்திரியில் யார் கண்ணுக்கும் தெரியாது.' அம்மா பொய் சொல்லவில்லை. அவன்தான் தப்பாகக் கேட்டிருந்தான்.

"அவர் கறுப்பு என்றால் அவரிடம் இருந்த இரண்டு கல்லும் கறுப்பு" என்றாள் மணிச்செவி நிதானமாக. "அவர் உங்களுக்குக் கொடுத்தது கறுப்பாகத்தான் இருக்க முடியும். கொடுக்க அவரிடம் வேறு கல்லே இல்லை. உங்கள் அம்மா ஒரு புள்ளிக்கல் கொடுத்ததால் நீங்கள் சுனையில் அழகு பார்க்கிறீர்கள்."

பொன்வரையன் தன் விலாவைப் பார்த்தான். இத்தனை நாள் தன்னுடையது என்று எண்ணியெண்ணிப் பூரித்த புள்ளிகளுக்கு அடியில், சத்தமில்லாமல் அப்பா உட்கார்ந்திருந்தார். அப்பா மசியைப் போலக் குட்டியாக இருந்தபோது யாராவது அவரைப் பாறையில் வைத்திருந்தால்?

ஒத்தூதி மெதுவாகப் பின்னால் நகர்ந்தான்.

"தம்பி, எங்கே கிளம்பிவிட்டாய்?" என்றாள் மணிச்செவி. "இவர் குட்டியை இங்கே வைத்தால் மேற்கொண்டு நீ என்ன செய்வதாக ஏற்பாடு?"

"நல்ல… நல்ல இடத்தில்…"

"உனக்கு நான் ஒரு நல்ல இடம் காட்டுகிறேன்!" என்று தேன்வாயன் அவனைப் பிடரியோடு தூக்கிக் கள்ளிப்புதர் இருந்த திசையில் எறிந்தான். மூன்று நாள் வீட்டில் வாங்கிய வசவு முழுவதும் அந்த ஒரு வீச்சில் இருந்தது. அதற்குப் பிறகு முள்மலையில் ஒத்தூதியை யாரும் பார்க்கவில்லை. பக்கத்து மலையில் ஒரு கழுதைப்புலியின் சிரிப்பை இசை என்று புகழ்ந்துகொண்டிருப்பதாகக் கேள்வி.

"நான் செய்தது தப்பு" என்றான் பொன்வரையன்.

"தெரியும்" என்றாள் மணிச்செவி. "தப்பு என்று சொன்னால் போதாது. நாளையிலிருந்து வேட்டைக்கு நான் மட்டும் போகிறேன். நீங்கள் மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்."

அவள் அவனோடு சிரித்துப் பேச இரண்டு மாதம் ஆனது. அதுவரை அவன் குட்டிகளிடம் கடிபட்டான். மற்ற இரண்டும் காதைக் கடித்தன. மசி வயிற்றில் ஏறி மிதித்தது. அவன் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

அடுத்த முறை மணிச்செவி ஈனும் நாள் நெருங்கியது. பொன்வரையனுக்கு இப்போது எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைப்பு. மேட்டுப் புற்றுக்கே போய்த் தேன்வாயனிடம் அறிவித்தான். "நாலில் ஒன்றுதான் கறுப்பு. மசியோடு அந்தப் பங்கு முடிந்தது. இனி வருவதெல்லாம் புள்ளி! எழுதி வைத்துக்கொள்!"

இரண்டு குட்டிகள் பிறந்தன. இரண்டும் கறுப்பு!

"கணக்கு தப்பாகிவிட்டதே!" என்று அவன் வாய் பிளந்தான்.

"கணக்கு சரிதான்" என்றாள் மணிச்செவி. "அன்று ஓடையில் ஒவ்வொரு முறையும் கல்லைத் திரும்பப் போட்டுவிட்டுத்தானே எடுத்தோம்? போன தடவை என்ன வந்தது என்று குழிக்கு ஞாபகம் இருக்குமா?"

பொன்வரையன் கொஞ்ச நேரம் யோசித்தான். புதிதாகப் பழகியிருந்த பழக்கம், நெற்றி சுருங்கியது. பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். இரண்டு குட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய் நல்ல வெயிலில் கிடத்தினான். பக்கத்திலேயே படுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு எண்ண ஆரம்பித்தான். பொழுது சாயும் வரை எண்ணி முடியவில்லை.

நீதி: வெளியில் தெரியாதது உள்ளே இல்லை என்று ஆகாது, பிள்ளையின் நிறத்துக்குத் தாயைச் சந்தேகிப்பவன் முதலில் தன் அப்பன் யார் என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.